தேயாத டயரின் தேய்மானம்

"மக்களே, டயருக்கு வரி குறைச்சாச்சு, பாத்தியா?"

2025 செப்டம்பர் கடைசியில் அப்பாவிடமிருந்து வந்த போன் இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டியா, பிள்ளை ஸ்கூலுக்குப் போனாளா, எதுவும் கிடையாது. நேராக வரிதான். செப்டம்பர் 22-லிருந்து புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. நானோ ஜூலை லீவில் ஊருக்குப் போனபோது பைக்குக்கு முன்னும் பின்னும் இரண்டு டயரையும் மாற்றிவிட்டு வந்தவன். "ரெண்டு மாசம் பொறுத்திருந்தா ஐந்நூறு ரூவாய்க்கு மேல மிச்சம்லா?" என்றார். பேங்க்காரன் நான், கணக்குப் போட்டது அவர்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த ரெண்டு மாதம் ஏன் பொறுக்க முடியவில்லை என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தக் கதைதான் இது. ஊரில் ஒரு வண்டியை நிறுத்திவிட்டு வெளிநாட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் உபயோகப்படும். வண்டி இல்லாதவர்களுக்கும் ஒருவேளை உபயோகப்படலாம்.

எங்கள் ஊர் பாறசாலைக்கு வடகிழக்கே, குன்னத்துக்கால் பக்கம். நெய்யாற்றின்கரை தாலுகா. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, சென்னை மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டமாக ஆனபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு மலையாளம், சண்டை போடுவது தமிழ். நான் பி.காம் படித்தது மார்த்தாண்டத்தில். பெட்ரோல் போடுவது களியக்காவிளையில் (தமிழ்நாட்டுப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, எல்லையில் வாழ்பவனுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை :-)). இப்போது பதினாலு வருஷமாகக் குடியிருப்பு ஷார்ஜா, வேலை துபாயில் ஒரு வங்கியின் கடன் பிரிவு.

2018 டிசம்பர் லீவில் ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வாங்கினேன். அப்போது எனக்கு நாற்பது வயது. அந்த வயதில் சில ஆண்களுக்கு வரும் வியாதி, வேறென்ன. லடாக் போகணும், ஸ்பிதி போகணும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். நடந்தது என்னவோ அந்த லீவிலேயே தூத்துக்குடி வழியாக ராமேஸ்வரம் ஒருமுறை, 2019-ல் மூணாறு ஒருமுறை. அவ்வளவுதான். 2020-ல் கொரோனா. எல்லையை அடைத்து, களியக்காவிளைக்குப் போகவே பாஸ் வேண்டும் என்று ஆகிப்போன காலம். நான் ஊருக்கே வரவில்லை. 2021-ல் பத்து நாள் வந்தேன், அதில் பாதி தனிமைப்படுத்தலில் போயிற்று. அப்புறம் ஒரு வருஷம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், ஒரு வருஷம் தங்கை மகள் கல்யாணம். வண்டி மாட்டுத் தொழுவமாக இருந்த கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. ஓடியது மொத்தம் 5,800 கிலோமீட்டர்.

ஆனால் காகித விஷயத்தில் நான் கில்லாடி. 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருஷ தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம் ஆகியிருந்தது. அது 2023 டிசம்பரில் முடிந்ததும் ஷார்ஜாவிலிருந்தே ஆன்லைனில் புதுப்பித்தேன். ஒரு நாள் கூட இடைவெளி கிடையாது. ஃபைலைப் பார்த்தால் வண்டி ஆரோக்கியமாக இருந்தது.

2025 ஜூலை, ஊர் போய்ச் சேர்ந்த நாலாம் நாள். புது பேட்டரி போட்டாச்சு. ஆயில் மாற்றியாச்சு. செயினுக்கு எண்ணெய் விட்டாச்சு. டயருக்குக் காற்று அடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பட்டன் எல்லாம் அப்படியே இருந்தது, கடையில் தொங்கும் டயர் மாதிரி. கரும்பச்சையாகக் கொஞ்சம் பாசி, அதைத் துணியால் துடைத்துவிட்டேன். அத்தோடு என் டயர் பரிசோதனை முடிந்தது.

மகளுக்குப் பதினாலு வயது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் இருக்கும் அம்மச்சிப் பிலாவைக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். மார்த்தாண்ட வர்மா எதிரிகளிடமிருந்து தப்பி ஒளிந்ததாகச் சொல்லப்படும் பழைய பலாமரம் அது. தனுவச்சபுரம் தாண்டி, உதியன்குளங்கரையில் தேசிய நெடுஞ்சாலை ஏறி, அமரவிளையை நெருங்கும்போது தூறல். பெரிய மழைகூட இல்லை, ரோட்டில் தூசியையும் எண்ணெயையும் குழைத்துவிடும் அளவுக்கு ஒரு தூறல். முன்னால் போன பஸ் நின்றது. நான் பிரேக் பிடித்தேன். வேகம் முப்பத்தைந்துதான் இருக்கும்.

பின் சக்கரம் என்னை விட்டுவிட்டுத் தனியாக இடப்பக்கம் போனது. ஒரு முழம் இருக்கும். பிரேக்கை விட்டதும் எதிலோ பிடித்து, வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நேரானது. விழவில்லை. எதிரே லாரி வரவில்லை. வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அதைவிட, அவள்... வேண்டாம், அதை எழுதவே கை வரவில்லை.

"சூப்பர்ப்பா! இன்னொரு தடவை பண்ணுங்க!" என்று பின்னாலிருந்து சத்தம்.

நெய்யாற்றுப் பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். செயினைப் பார்ப்பதுபோல் ரெண்டு நிமிஷம் குனிந்தே இருந்தேன். கை நடுக்கம் நிற்க வேண்டுமே.

மறுநாள் வெயில் வந்ததும் வண்டியை உருட்டாத குறையாக மெதுவாக ஓட்டிக்கொண்டு களியக்காவிளை பக்கம் ஒரு டயர் கடைக்குப் போனேன். டி.என். 75-ம் கே.எல். 19-ம் கலந்து நிற்கும் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. பின் டயரில் கட்டைவிரல் நகத்தை அமுக்கினார்.

"நகம் இறங்குதா சாரே? இறங்கல்லல்லா?"

பிறகு காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு, வண்டியின் பின்பக்கத்தை அழுத்தி டயரின் பக்கச்சுவரைப் பிதுங்க வைத்தார். மயிரிழை மயிரிழையாக ஆயிரம் வெடிப்பு வாயைத் திறந்தது. நான் பாசி என்று துடைத்தது இந்த வெடிப்புகளுக்குள் இருந்த அழுக்கைத்தான்.

"பட்டன் கெடக்கு சாரே. ரப்பர் செத்துப்போச்சு."

ஈரத் துணியால் பக்கச்சுவரைத் துடைத்து ஒரு சின்ன நீள்வட்டக் கட்டத்தைக் காட்டினார். அதில் 3718 என்று இருந்தது. 2000-ம் ஆண்டிலிருந்து தயாரான டயர்களில் இந்த நாலு இலக்கத்தைப் பார்க்கலாம். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 2018-ம் வருஷம் 37-வது வாரம், அதாவது செப்டம்பர் நடுவில் பிறந்த டயர். ஜூலை 2025-ல் அதற்கு ஏழு வயது ஆக ரெண்டு மாதம்தான் பாக்கி. நான் கிலோமீட்டரைப் பார்த்து அதைக் குழந்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமீரகத்தில் வருஷா வருஷம் காரை சோதனைக்குக் கொண்டுபோகிறோம். டயர் தயாராகி ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் தேறாது, எவ்வளவு பட்டன் இருந்தாலும் சரி. அதனால் ஷார்ஜாவில் கார் டயர் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பதே அந்த நாலு இலக்கத்தைத்தான். அங்கே சட்டம் இருக்கிறது, பார்க்கிறேன். ஊரில் யாரும் கேட்பதில்லை, பார்க்கவில்லை. டயர் என்னவோ ஒரே ரப்பர்தான்.

ஏன் இப்படி ஆகிறது? ரப்பர் மூலக்கூறு நீளமான சங்கிலி. அதில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாக்கிக்கொண்டே இருக்கும். வெயிலும் சூடும் அதை வேகப்படுத்தும். இதைத் தடுக்கத்தான் டயர் செய்யும்போதே சில ரசாயனங்களையும் மெழுகையும் சேர்க்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் மடங்கி நிமிர்ந்து, அந்த மெழுகு மேலே கசிந்து வந்து தோலைக் காப்பாற்றும். ஓடாமல் நிற்கும் டயருக்கு அந்தக் கவசம் சரியாக வருவதில்லை. ஆக, வண்டியைப் பத்திரமாக நிறுத்தி வைக்கிறோம் என்று நாம் நினைக்கும்போது டயர் தன் பாட்டுக்கு இறுகிக்கொண்டிருக்கிறது. இறுகின ரப்பர் காய்ந்த ரோட்டில் ஓடிவிடும், ஒன்றும் தெரியாது. முதல் தூறலில் காட்டிக்கொடுக்கும்.

பி.காம் முதல் வருஷத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. நேர்கோட்டு முறை என்றால் இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு இவ்வளவு என்று கழிப்பது. உற்பத்தி அலகு முறை என்றால் எவ்வளவு ஓடியதோ அவ்வளவுக்கு மட்டும் கழிப்பது. தமிழில் டயர் தேய்வதற்கும் கணக்கில் மதிப்பு குறைவதற்கும் ஒரே வார்த்தை, தேய்மானம். டயரில் இரண்டு முறையும் ஒன்றாக ஓடுகின்றன. எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு. இருபத்தைந்து வருஷம் கடன் ஃபைல்களில் இயந்திரங்களின் வயதைப் பார்த்து மதிப்புப் போட்டவன் நான், சொந்த வண்டிக்குத் தப்பான முறையைப் போட்டிருக்கிறேன்.

"பின்னாடி மட்டும் மாத்தினா போதுமா?" என்று கேட்டேன். வழுக்கினது பின் சக்கரம்தானே.

"தேஞ்சு போனா பின்னாடி மட்டும் மாத்தலாம் சாரே, பின் டயருதான் சீக்கிரம் தேயும். இது தேஞ்சதில்லை, வயசானதாக்கும். ரெண்டுக்கும் ஒரே வயசு. பின்னாடி வழுக்கினா சமாளிச்சிரலாம். முன்னாடி வழுக்கினா நேரே கீழதான்."

டியூபும் கூலியும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் வரும் என்றார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாற்பத்தேழு வயசு ஆபீசர் :-)

அப்பாவுக்கு எழுபத்தாறு. ஒன்றரை ஏக்கர் ரப்பர் வைத்து, விடியுமுன் பால் வெட்டி, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைபோட்டு விற்று என்னையும் தங்கையையும் படிக்க வைத்தவர். ரப்பர் பற்றி அவரிடம் பேசப் போனது என் துணிச்சல்தான்.

"புதுசு போலல்லா இருக்கு. எதுக்கு ரெண்டையும் தூக்கி எறியணும்? பின்னாடி மட்டும் மாத்து. முன்னாடி உள்ளது அடுத்த லீவுக்குப் பாக்கலாம்." பைசாவை எண்ணி வளர்ந்த மனிதர். பட்டன் இருக்கும் டயரைக் கழற்றுவது அவருக்குச் சோற்றைக் கொட்டுவது மாதிரி.

அப்போதுதான் என் மகள் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, நேத்து அப்பா அமரவிளையில ட்ரிஃப்ட் பண்ணினாங்க, செம!"

வீட்டில் யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்கு ட்ரிஃப்ட் என்றால் என்னவென்று தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். டயர் வாங்கப் பணம் எடுக்கிறார் என்று நினைத்தேன். வண்டி வாங்கின பில்லைத் தேடியிருக்கிறார், டயருக்கு வாரண்டி ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று. பில்லும் மற்ற ரசீதுகளும் ஒரே கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு இருந்தன. 2018-ல் நானே போட்ட பேண்ட். விரலை வைத்து இழுத்தார். இழுபடவே இல்லை. காய்ந்த வைக்கோல் மாதிரி மூன்று துண்டாக உடைந்து மடியில் விழுந்தது.

எங்கள் வேலையில் இது தினமும் பார்ப்பதுதான். பழைய வவுச்சர் கட்டைப் பிரித்தால் ரப்பர் பேண்ட் இப்படித்தான் பொடியும், யாரும் தொடாமலே கெட்டுப்போயிருக்கும். அப்பாவும் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். ஆனாலும் அந்தத் துண்டுகளை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முன்னாடி உள்ளதையும் சேத்து மாத்து மக்களே," என்றார். "பிள்ளை பின்னாடி இருக்கால்லா."

அடுத்த நாள் கடைக்கு அவரும் வந்தார், ஆட்டோவில். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. நானும் முதல்முறையாக முழுதாக நின்று பார்த்தேன். ஹிமாலயன் 411-க்கு ஸ்போக்ஸ் கம்பி வைத்த சக்கரம், உள்ளே டியூப். முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. முதல் எண் அகலம் மில்லிமீட்டரில், நடுவில் உள்ளது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் உயரம் என்பது, கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். அதன் பக்கத்தில் வரும் இன்னொரு எண்ணும் எழுத்தும் எடை, வேகம் பற்றியது. பின் டயரில் 64 என்றால் 280 கிலோ தாங்கும், எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம் வரை. புது டயரில் அப்பா முதலில் பார்த்தது விலையை, நான் பார்த்தது அந்த நாலு இலக்கத்தை. மூன்று மாதம் முந்தியது. சரி.

இரும்புப் பட்டையைக் கொடுத்து நெம்புவது பலத்தால் செய்யும் வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. டயரின் ஓரம் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கும்படி எதிர்ப்பக்கம் முழங்காலை வைத்து அமுக்கினால் இந்தப் பக்கம் தானாகத் தளர்ந்து கொடுக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தடவி, ஒவ்வொரு சாணாக எடுத்தார். உள்ளே ஸ்போக்ஸ் முனைகளை மூடும் ரப்பர் நாடா இற்றுப் போயிருந்தது. ரிம்மில் இரண்டு இடத்தில் துரு. தேய்த்துச் சுத்தம் செய்து புது நாடா போட்டார். புது டியூபில் லேசாகக் காற்று ஏற்றி உருவம் வரவைத்து உள்ளே வைத்தார், பட்டையில் மாட்டிக் கிழியாமல் இருக்க. டயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். மஞ்சள் புள்ளி வால்வுக்கு நேராக வந்தது. முழுக்கக் காற்றடித்து, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவில் வருகிறதா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு ஏன் மொத்தக் காற்றையும் திறந்துவிட்டு மறுபடி அடிக்கிறார் என்று கேட்டேன். டியூப் மடிந்து கிடந்தால் அப்போது நிமிர்ந்துவிடுமாம்.

காத்திருந்தபோது எதிரே எம்.ஆர்.எஃப். போர்டைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார், "இவங்க பேங்க் பொளிஞ்சுதான் பலூன் கம்பெனி தொடங்கினாங்க, தெரியுமாடே?" பேங்க்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கதை. கே.சி. மாம்மன் மாப்பிள்ளையின் குடும்பத்துக்குப் பங்கிருந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி 1938-ல், சர் சி.பி. ராமசுவாமி ஐயர் திவானாக இருந்தபோது, மூடப்பட்டது. அவர் மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் சென்னை திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் பழைய டயருக்கு மேலே ஒட்டும் டிரெட் ரப்பர். டயர் செய்தது அதற்கும் பின், 1960-களில். எங்கள் ரோட்டில் ஓடும் பஸ், லாரி டயர்களுக்கு அந்த ரீட்ரெடிங் வேலை இன்றும் நடக்கிறது. ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. மேல்தோலைத்தான் புதுசாக ஒட்டலாம். உள்ளே இருக்கும் கூடு வயதாகிவிட்டால் ஒட்டிப் பயனில்லை. மறுபடியும் அதே கணக்குதான்.

ஊரில் வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். இறங்கின அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பாதீர்கள். முதலில் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். மிஷலின் மாதிரிக் கம்பெனிகள் ஐந்து வருஷம் ஓடிய டயரை ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கின்றன. பத்து வருஷம் ஆனால், பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன. ஆனால் பத்து வருஷம் என்பது ஒழுங்காக ஓடி, ஒழுங்காகப் பராமரித்த கார் டயருக்கான கடைசி எல்லை. கொட்டகையில் காற்றில்லாமல் நின்ற பைக் டயருக்கு அதை நம்ப வேண்டாம். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் சென்டர் ஸ்டாண்டில், வெயில் படாத இடத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் மோட்டாரும் வெல்டிங்கும் இருக்கும் மூலை வேண்டாம், அங்கே ஓசோன் உண்டாகும். யாராவது ஒருவரிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். கீறல் விழுமே என்று சாவியைப் பூட்டி வைத்தது நான் செய்த தப்பு. கீறல் விழவில்லை, டயர் போய்விட்டது.

டயர் மாற்றி முடிந்ததும் கடைக்காரர் சொன்னார், "சாரே, முதல் நூறு நூத்தம்பது கிலோமீட்டர் மெதுவாப் போங்க. புது டயரு மேல வழவழப்பு இருக்கும், அது தேயணும். சரிச்சு ஓட்டாதீங்க, சடன் பிரேக் வேண்டாம்."

நான் தலையாட்டினேன். பக்கத்தில் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"நூறு கிலோமீட்டர் மெதுவாத்தான் போகணும்னா, நான் பின்னாடி இருக்கலாம்லா?"

ஏழு வருஷமாக அந்த வண்டி வீட்டில் நிற்கிறது. ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. வயசானவர், உயரமான வண்டி, வேண்டாம் என்று நானாக முடிவு செய்திருந்தேன். அவர் வேகத்துக்குப் பயந்துதான் கேட்காமல் இருந்திருக்கிறார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. என் மனைவியின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, திண்ணையில் ஒரு கால் வைத்து, என் தோளைப் பிடித்து ஏறினார். வெள்ளறடை, பனச்சமூடு, அருமனை வழியாகக் குலசேகரம். அங்கிருந்து பேச்சிப்பாறை. நாற்பதுக்கு மேல் போகவில்லை. வழி முழுக்க ரப்பர். வலதும் இடதும் அவர் பேசிக்கொண்டே வந்தார். "இது நட்டு ஏழு வருஷம் ஆகல, இப்பவே வெட்டத் தொடங்கிட்டான் பாரு." "இது முப்பது வருஷ மரம், பால் வராது, முறிச்சுட்டு மறுநடவு செய்யணும்." ஒவ்வொரு தோட்டத்துக்கும் வயசு சொன்னார். எனக்கு எல்லா மரமும் ஒரே மாதிரி இருந்தது. அவர் பட்டையைப் பார்க்கிறார், நான் இலையைப் பார்க்கிறேன்.

1906-ல் கட்டின பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் நிறைய இருந்தது. மேலே ஏறும்போது பாதியில் நின்றார். மூச்சு வாங்கியது. "ஒண்ணுமில்ல, நிக்கலாம்," என்றார். போன லீவில் அவர் இப்படி நின்றாரா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. போன லீவில் நாங்கள் இருவரும் எங்கேயும் சேர்ந்து நடக்கவே இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

வருஷத்துக்கு ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். அந்த ஒரு மாதத்தில் அவரைப் பார்த்துவிட்டு, அவருக்கும் ஒரு மாதம்தான் வயசு கூடியது என்பது போல் அடுத்த லீவுக்குப் போகிறோம். ஓடின கிலோமீட்டர் அளவுக்கு மட்டும் கழிக்கிற அதே கணக்குதான். மிச்சம் பதினோரு மாதம் கொட்டகையில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. போனில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பட்டன் அப்படியே இருக்கும்.

திரும்பி வரும்போது குலசேகரத்தில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் இறங்கினோம். முன்பு ஷீட் எடுக்கும் கடை வைத்திருந்தவர். நாலு வருஷமாகப் பார்க்கவில்லையாம். இரண்டு பஸ் மாற வேண்டியிருப்பதால் போகவில்லையாம். இரண்டு பேரும் கட்டன் சாயா குடித்துக்கொண்டு ரப்பர் விலையைத் திட்டினார்கள். ஒரு மணி நேரம் ஆனது. நான் வெளியே நின்று டயரைத் தொட்டுப் பார்த்தேன். நகம் இறங்கியது.

வீட்டுக்கு வந்தபோது மீட்டரில் தொண்ணூற்றிச் சொச்சம் கூடியிருந்தது. "இன்னும் நூறு ஆகல்ல," என்றார் அப்பா. அடுத்த நாளும் போனோம், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு. அப்புறம்தான் மகளுக்குச் சொன்னபடி அம்மச்சிப் பிலாவைக் காட்டினேன். அமரவிளையில் மழை கொட்டியது. வண்டி நூல் பிடித்தமாதிரிப் போனது. அவளுக்குத்தான் ஏமாற்றம்.

செப்டம்பர் போனுக்கு வருகிறேன். ஐந்நூறு ரூபாய் விவாதம் முடிந்ததும் அப்பா சொன்னார், "வண்டியைத் தங்கச்சி மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை தோறும் எடுக்கான். நான் பின்னாடி இருந்து பனச்சமூடு சந்தை வரைக்கும் போய்ட்டு வாறேன். டயர் நிக்கப்பிடாதுல்லா."

"நல்லதுப்பா. டயருக்கு நல்லது," என்றேன்.

"நீ இனி எப்ப வாற? அடுத்த ஜூலையா?"

டிசம்பரில் வருகிறேன் என்றேன். வழக்கமாக முப்பது நாளையும் ஒன்றாக எடுப்பவன், இந்த முறை பிரித்துப் பத்து நாள் போட்டிருக்கிறேன். டிக்கெட் இரண்டு தடவை ஆகும், ஐந்நூறு ரூபாயெல்லாம் அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை. லீவுக்கு என்ன காரணம் என்று ஆபீசில் மேலதிகாரி கேட்டார். குடும்ப விஷயம் என்றேன். டயர் என்று சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது.